32 மருத்துவமனைகளுக்குக் காரணமானவர்... கடைசியில் அதில் ஒன்றிலேயே அடைக்கலம்! யார் இந்த டோரத்தியா டிக்ஸ்?

1881-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் உள்ள ட்ரென்டன் நகரம். அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனைக்கு 79 வயது மூதாட்டி ஒருவர் வந்து சேர்கிறார். உடம்பு முடியவில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, நிரந்தரமாகத் தங்க ஒரு வீடும் இல்லை.

அவருக்கு மனநோய் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த மருத்துவமனையில் அவருக்கென்று தனியாக அறைகள் ஒதுக்கப்பட்டன. உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்தது மாகாண சட்டமன்றம்.

காரணம் சிம்பிள். அந்த மருத்துவமனை அங்கே இருப்பதற்கே அவர்தான் காரணம்.

அவர் பெயர் டோரத்தியா லிண்ட் டிக்ஸ். மனநலம் பாதிக்கப்பட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நிற்கும் ஒருவர் யாருடைய பொறுப்பு? குடும்பமா, ஊரா, அரசா? இந்த ஒரு கேள்வியோடு சுமார் 40 ஆண்டுகள் அலைந்தவர். அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்கள்வரை அந்தக் கேள்வி துரத்திக்கொண்டே வருகிறது. எப்படி? பார்க்கலாம்.

12 வயதில் வீட்டைவிட்டு வந்த சிறுமி

1802 ஏப்ரல் 4-ம் தேதி, இன்றைய மெய்ன் மாகாணத்தில் உள்ள ஹாம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார் டிக்ஸ். அப்பா ஊர் ஊராகப் போய் மதப் பிரசங்கம் செய்பவர். குடிப்பழக்கமும் இருந்தது. அம்மா பெரும்பாலும் நோய்ப் படுக்கையில். தம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மூத்தவளான சிறுமியின் தலையில் விழுந்தது.

12 வயதில் அந்த வீட்டிலிருந்து வெளியேறி, பாஸ்டனில் இருந்த வசதியான பாட்டியிடம் போய்ச் சேர்ந்தார். 14 வயதிலேயே வூஸ்டர் நகரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். டீச்சர் என்றால் பெரியவராகத் தெரிய வேண்டுமே! அதற்காக நீளப் பாவாடை அணிந்துகொண்டு வகுப்பெடுத்தாராம். பிறகு பாஸ்டனில், பாட்டியின் இடத்திலேயே ஒரு பள்ளி. வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஒரு வகுப்பு, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக இன்னொன்று.

1824-ல் குழந்தைகளுக்காக அவர் எழுதிய பொது அறிவுப் புத்தகம் 60 பதிப்புகள் கண்டது. சம்பாத்தியம் இருந்தது, பெயரும் இருந்தது. ஆனால் உடல்நிலை மட்டும் ஒத்துழைக்கவில்லை. நுரையீரல் பாதிப்பும், கூடவே மனச்சோர்வும். 1836-ல் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஓய்வுக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

இங்கிலாந்தில் தெரிந்துகொண்ட வேறு வழி

லிவர்பூலில் ராத்போன் என்ற குடும்பத்தினர் அவரைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சீர்திருத்தச் சிந்தனை கொண்டவர்கள் வந்துபோகும் வீடு அது. யார்க் நகரில் டியூக் என்ற குவேக்கர் குடும்பம் நடத்திவந்த மனநலக் காப்பகத்தைப் பற்றி டிக்ஸ் தெரிந்துகொண்டது இந்தக் காலத்தில்தான்.

அங்கே என்ன ஸ்பெஷல்? சங்கிலி இல்லை, அடி இல்லை. நல்ல காற்று, தோட்ட வேலை, நேரத்துக்குச் சாப்பாடு, மரியாதையான பேச்சு. மனநோயாளியை விலங்கைப்போல் அடக்காமல், நலமிழந்த மனிதராக நடத்துவது. இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று இது புரட்சி.

1837-ல் நாடு திரும்பினார். இதற்குள் பாட்டி இறந்துபோயிருந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்தில் டிக்ஸுக்கும் பங்கு வந்தது. சம்பளத்துக்கு யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத நிலை. ஆனால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அடுத்த நான்கு வருடங்கள் அப்படியே ஓடின.

கணப்பு அடுப்பு இல்லாத அறை

1841 மார்ச் மாதம். பாஸ்டனுக்கு அருகே ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வகுப்பெடுக்க ஒரு பெண் தேவைப்பட்டார். நானே போகிறேன் என்றார் டிக்ஸ்.

வகுப்பு முடிந்ததும் சிறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பகுதியில் மனநலம் பாதிக்கப்பட்ட பெண்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம்? எதுவும் இல்லை. வேறு இடம் இல்லை என்பதால் சிறையில் போட்டிருந்தார்கள். அந்தக் குளிரில் அவர்கள் அறைகளில் கணப்பு அடுப்பு இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் அதிர்ச்சி. பைத்தியக்காரர்களுக்குக் குளிர் தெரியாதாம்.

டிக்ஸ் நேராக நீதிமன்றத்துக்குப் போனார். அந்த அறைகளுக்கு அடுப்பு வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு சிறையில் இப்படி என்றால் மற்ற இடங்களில் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவரை விடவில்லை. கையில் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிட்டார். மாசசூசெட்ஸ் மாகாணம் முழுக்கச் சிறைகள், ஏழைகள் விடுதிகள் என்று ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்தார். அவருக்கு அப்போது 39 வயது.

ஏலத்தில் விடப்பட்ட மனிதர்கள்

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. அன்றைய அமெரிக்காவில் மனநோயாளிகள் எங்கே இருந்தார்கள்?

வசதியான குடும்பம் என்றால் வீட்டு மாடியிலோ, தனியார் காப்பகத்திலோ. ஏழை என்றால், அவர் ஊரின் பொறுப்பு. ஊர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒன்று, சிறை. இரண்டு, வயதானவர்கள், அனாதைகள், ஊனமுற்றவர்கள் என எல்லோரையும் சேர்த்து வைத்திருக்கும் ஏழைகள் விடுதி. மூன்றாவதுதான் கொடுமை. ஏலம். ஆனால் இந்த ஏலம் தலைகீழானது. இவரைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பணத்திலிருந்து யார் குறைவான தொகை கேட்கிறார்களோ, அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

குறைவான தொகைக்கு எடுத்தவர் என்ன செய்வார்? சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பார், விறகில் மிச்சம் பிடிப்பார். அறைக்குப் பதில் தொழுவத்தில் போட்டுவைப்பார்.

வூஸ்டர் நகரில் 1833-லேயே அரசு மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே போதுமான இடம் இல்லை. ஒரு ஏழை நோயாளியை அங்கே அனுப்பினால் ஊர்தான் வாராவாரம் பணம் கட்ட வேண்டும். ஊர் விடுதியில் பூட்டிவைத்தால் செலவு கம்மி. கணக்கு இவ்வளவுதான்.

பேச முடியாது, ஆனால் எழுதலாம்

1843 ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. எழுதியவர் டிக்ஸ். ஆனால் ஒரு பெண் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. அதனால் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற உறுப்பினர் மூலம் அதைத் தாக்கல் செய்தார்.

மனுவில் ஆவேசப் பேச்சு குறைவு. ஊர்ப் பெயர், அங்கே பார்த்தது, அடுத்த ஊர், அங்கே பார்த்தது. பலகைக் கூண்டில் ஒரு பெண். நிலவறையில் வைக்கோல் மேல் ஒருவர். சங்கிலியில் பல ஆண்டுகள் கிடந்தவர்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ஒரு விஷயத்தில் அவர் கவனமாக இருந்தார். சிறைக் காவலர்களும் விடுதி நடத்துபவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, அதற்கான வசதியும் கிடையாது, தப்பு அவர்களைத் தவறான இடத்தில் வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம்.

மனு வெளியானதும் பூகம்பம். பெயர் அடிபட்ட ஊர்க்காரர்கள், எல்லாம் பொய், மிகைப்படுத்தல் என்று கொந்தளித்தார்கள். ஆனால் வூஸ்டர் மருத்துவமனையை விரிவாக்கும் மசோதா நிறைவேறியது. டிக்ஸின் முதல் வெற்றி.

மாகாணம் மாகாணமாக...

அடுத்து ரோட் ஐலண்ட். அங்கே சைரஸ் பட்லர் என்ற பெரும் பணக்கார வணிகரைச் சந்தித்து, மனநல மருத்துவமனைக்காக 40,000 டாலர் வாங்கிவிட்டார். பணத்தைக் கையிலிருந்து விடாதவர் என்று பெயரெடுத்தவர் அந்த மனிதர். அவர் பெயரிலேயே அமைந்தது பட்லர் மருத்துவமனை.

பிறகு நியூ ஜெர்சி. 1845-ல் மனு கொடுத்தார், 1848-ல் ட்ரென்டன் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்ததை விரிவாக்காமல், முழுக்க அவர் முயற்சியால் எழுந்த முதல் மருத்துவமனை இதுதான். கடைசிவரை இதைத் தன் தலைப்பிள்ளையாகவே நினைத்தார்.

அவர் வேலை செய்த விதமே தனி. முதலில் மாகாணம் முழுக்கப் பயணம். எத்தனை பேர், எங்கே, எந்த நிலையில் என்று குறிப்பு. அப்புறம் தலைநகரில் ரூம் போட்டு, மனு எழுதி, உறுப்பினர்களை ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசுவது. மசோதாவைக் கொண்டுவருவது ஒரு ஆண் உறுப்பினர். பின்னால் இருந்து எல்லாம் தயார் செய்தவர் டிக்ஸ்.

1845-ல் அவரே போட்ட கணக்குப்படி, மூன்று ஆண்டுகளில் 10,000 மைலுக்கும் மேல் பயணம். 18 மாகாணச் சிறைகள், 300 உள்ளூர்ச் சிறைகள், 500-க்கும் மேற்பட்ட ஏழைகள் விடுதிகள். ரயில் பாதி இடங்களுக்கு வராத காலம். குதிரை வண்டியும் படகும்தான்.

1848-ல் வட கரோலினாவில் நடந்தது சினிமா மாதிரி. செலவு அதிகம் என்று மசோதா தோற்கும் நிலை. டிக்ஸ் தங்கியிருந்த அதே ஹோட்டலில் ஜேம்ஸ் டாபின் என்ற உறுப்பினரின் மனைவி நோயில் கிடந்தார். டிக்ஸ் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. இறப்பதற்கு முன் கணவரிடம், டிக்ஸின் மசோதாவுக்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு அவைக்குத் திரும்பிய டாபின் பேசினார். மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியது.

1 கோடியே 22 லட்சம் ஏக்கர்: ஒரே கையெழுத்தில் போன கனவு

ஒவ்வொரு மாகாணமாக அலைந்து கெஞ்சினால் ஒரு ஆயுள் போதாது என்பது டிக்ஸுக்குப் புரிந்தது. 1848-ல் வாஷிங்டனுக்கே போனார்.

அவர் திட்டம் இதுதான். அமெரிக்க மத்திய அரசிடம் ஏராளமான பொது நிலம் இருக்கிறது. ரயில் பாதை போடவும், பள்ளிகளுக்காகவும் அதைத் தருகிறார்கள். அதேபோல மனநோயாளிகளுக்கும் ஒரு பங்கு தரட்டும். நிலத்தை விற்று வரும் பணம் நிரந்தர நிதியாக இருக்கும். எந்த மாகாணத்திலும் பணம் இல்லை என்று நோயாளியைச் சிறையில் தள்ள முடியாது.

ஆறு ஆண்டுகள் போராட்டம். நாடாளுமன்ற நூலகத்திலேயே அவருக்கு ஒரு மூலை ஒதுக்கித் தந்தார்கள், உறுப்பினர்களைச் சந்தித்துப் பேச. கடைசியில் 1854-ல் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. மொத்தம் 1 கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கர். அதில் 1 கோடி ஏக்கர் ஏழை மனநோயாளிகளுக்கு, மீதி பார்வையற்றோர், காது கேளாதோருக்கு.

அதிபர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்போதைய அதிபர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் வீட்டோ செய்துவிட்டார்.

அவர் சொன்ன காரணம் என்ன? மனநோயாளிகள் மேல் இரக்கம் உண்டு. ஆனால் மத்திய அரசு இதைச் செய்தால், நாளைக்கு நாட்டிலுள்ள எல்லா ஏழைகளையும் அதுவே பார்க்க வேண்டிவரும். அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. இது மாகாணங்களின் வேலை. வீட்டோவை முறியடிக்க நாடாளுமன்றத்தில் ஆதரவு போதவில்லை.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

ஐரோப்பா, உள்நாட்டுப் போர்

மனம் உடைந்த டிக்ஸ் ஐரோப்பாவுக்குப் போனார். ஓய்வெடுக்கத்தான் போனார், ஆனால் எடுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் மனநோயாளிகளின் நிலையைப் பார்த்துவிட்டு லண்டனுக்கே போய் முறையிட, விசாரணை ஆணையம் அமைந்தது. 1857-ல் புதிய சட்டமும் வந்தது. ரோமில் போப் ஒன்பதாம் பயஸைச் சந்தித்து, அங்குள்ள காப்பகத்தின் மோசமான நிலையை நேரிலேயே சொன்னார்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்குப் படையின் செவிலியர்களுக்குத் தலைமைப் பொறுப்பு டிக்ஸுக்குக் கிடைத்தது. அவர் போட்ட ரூல்ஸ் பிரபலம். வயது 35-க்கு மேல், எளிய தோற்றம், பழுப்பு அல்லது கறுப்பு உடை, நகை கூடாது. மருத்துவர்களோடு தினமும் மோதல். 1863-ல் அவருடைய நியமன அதிகாரம் குறைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் உழைத்தார். ஆனால் அது தன் வாழ்நாளின் சாதனையாகப் பார்க்கப்படுவதை அவர் விரும்பவில்லை.

விமர்சனங்களும் உண்டு

டிக்ஸை அப்படியே மகான் ஆக்கிவிட முடியாது. தெற்கு மாகாணங்களில் மருத்துவமனைகளுக்காக அலைந்தபோது, கண்முன்னே இருந்த அடிமை முறையைப் பற்றி அவர் வெளிப்படையாகக் குரல் எழுப்பவில்லை. சங்கிலியில் கிடந்த மனநோயாளிக்காகப் பேசியவர், சங்கிலியில் கிடந்த அடிமைக்காகப் பேசவில்லை. பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்திலும் அவர் இல்லை. செவிலியர் தேர்வில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளைத் தவிர்க்கப் பார்த்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

தலைப்பிள்ளைக்கு என்ன ஆனது?

போர் முடிந்ததும் டிக்ஸ் மீண்டும் தன் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். பார்த்தது சந்தோஷம் தரவில்லை. ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது என்று அமெரிக்க மனநலக் கண்காணிப்பாளர்களே 1851-ல் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். ஆனால் ஏழைகள் விடுதிகளிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில்கள் நெருங்கின. பணியாட்கள் போதவில்லை.

1881-ல் உடல் முழுதாகத் தளர்ந்தபோது ட்ரென்டனுக்கு வந்தார். கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் அங்கேயே. 1887 ஜூலை 17-ம் தேதி, 85 வயதில் காலமானார். மாசசூசெட்ஸில் உள்ள மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அவர் தொடங்கக் காரணமாக இருந்த அல்லது விரிவாக்கிய மருத்துவமனைகளின் எண்ணிக்கை 32 என்று சொல்லப்படுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சோகம். அதே ட்ரென்டன் மருத்துவமனைக்கு 1907-ல் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர் தலைவரானார். உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமித் தொற்றுதான் மனநோய்க்குக் காரணம் என்று நம்பியவர் அவர். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பிறகு டான்சில், அதற்கும் மேலே போய்ப் பெருங்குடலையே வெட்டியெடுத்தார். பலர் அறுவை சிகிச்சையிலேயே இறந்தார்கள். 1930 வரை அவர்தான் தலைவர்.

டிக்ஸ் அடைக்கலம் தேடிய அதே வளாகம். ஆனால் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்து கேள்வி கேட்க ஒரு டிக்ஸ் இல்லை.

நர்சிங் ஹோம்வரை நீளும் கேள்வி

1955-ல் அமெரிக்க மாகாண மனநல மருத்துவமனைகளில் சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதுதான் உச்சம். புதிய மருந்துகள் வந்தன, மருத்துவமனைகளின் அவலம் வெளியே தெரிந்தது. நோயாளிகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள்.

எங்கே அனுப்பினார்கள்? இங்கதான் 1854 வீட்டோவின் நிழல் தெரிகிறது.

1965-ல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டம் வந்தது. மத்திய அரசும் மாகாணமும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம். ஆனால் மனநல மருத்துவமனையில் இருக்கும் 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கு இதில் மத்தியப் பணம் கிடையாது. அது மாகாணங்களின் வேலை என்ற பழைய எண்ணம் அப்படியே தொடர்ந்தது. அதே நோயாளியை நர்சிங் ஹோமுக்கு மாற்றினால் மத்தியப் பணம் வரும்.

நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அப்படியில்லை. தானாக நடமாட முடியாத முதியவர்களும் நீண்டகால நோயாளிகளும் தங்கிப் பராமரிக்கப்படும் இல்லம். மாகாணங்கள் கணக்குப் போட்டன. வயதான மனநோயாளிகள் ஆயிரக்கணக்கில் நர்சிங் ஹோம்களுக்கு இடம் மாறினார்கள். பல இல்லங்களில் மனநலப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. கட்டிப்போடுவதும், தூங்கவைக்கும் மருந்து கொடுத்து அடக்குவதும் புகார்களாக வெடித்தன.

1987-ல் ஒரு சட்டம் வந்தது. கடுமையான மனநோய் உள்ளவரை நர்சிங் ஹோமில் சேர்க்கும் முன், அவருக்கு அந்த இல்லம்தான் தேவையா, மனநல சிகிச்சை தேவையா என்று பரிசோதிக்க வேண்டும். பணியாளர்களின் வசதிக்காகக் கட்டிப்போடவோ, மருந்தால் அடக்கவோ கூடாது. 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெளியே வாழக்கூடியவரைத் தேவையில்லாமல் இல்லத்தில் அடைத்துவைப்பது பாகுபாடு என்று சொன்னது.

1843-ல் டிக்ஸ் எழுதிய மனுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் இல்லை. தவறான இடம், பயிற்சி இல்லாத ஆட்கள், குறைவான செலவில் முடிக்கப் பார்க்கும் நிர்வாகம். பெயர்ப் பலகைதான் மாறியிருக்கிறது.

டிக்ஸ் கற்றுத்தந்தது என்ன?

அவர் கட்டவைத்த பல மருத்துவமனைகள் இன்று இல்லை. வட கரோலினாவின் ராலே நகரில் டாபின் பேச்சால் உருவான மருத்துவமனை 2012-ல் மூடப்பட்டது. அந்த இடம் இப்போது டிக்ஸ் பெயரில் ஒரு பூங்கா. ட்ரென்டன் மருத்துவமனை இன்னும் இயங்குகிறது.

ஆனால் அவர் செய்ததில் முக்கியமானது கட்டடம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தவரைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஒரு முறை மட்டும் இல்லை, திரும்பத் திரும்பப் போனார்.

அவர் காலத்துக்குப் பிறகு கெட்டுப்போன மருத்துவமனைகளின் கதையைப் பார்த்தால் ஒன்று புரியும். நல்ல எண்ணத்தில் கட்டினாலும், யாரும் போய்ப் பார்க்காத இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறையாகிவிடும். மருத்துவமனையோ, முதியோர் இல்லமோ, காப்பகமோ... உள்ளே ஒருவரை விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்கும், அதற்கு அனுமதி கொடுத்த அரசுக்கும் இது பொருந்தும். போய்ப் பார்க்க வேண்டும். அந்த அறையில் அடுப்பு எரிகிறதா என்று கேட்க வேண்டும்.